இஞ்சின் கொட்டகையும் எண்ணெய்ப் பீப்பாயும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் கேட்கலாம் என்று வந்திருப்பவர்களுக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். லயங்களுக்கு வெளிச்சம் கொடுக்கும் டீசல் ஜெனரேட்டருக்கு வெளியே தனியாக ஓர் எண்ணெய்த் தொட்டி வைத்து, அதை இஞ்சினோடு எப்படி இணைப்பது என்பதே பொருள். "இது மெக்கானிக்கின் வேலையாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன?" என்று யாரேனும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். கேட்டு முடித்தபின் அவரே அதற்கு விடை கண்டுகொள்வார் என்று நம்புகிறோம்.

தீபகற்பத்திலுள்ள தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரக் கம்பி வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆயினும் கம்பி எட்டாத உட்பகுதிகளில் ஜெனரேட்டரையே நம்பி வாழும் லயங்கள் உண்டு. கம்பி வந்த தோட்டங்களிலும், பெருங்காற்றில் மரம் சாய்ந்தாலோ வெள்ளம் புகுந்தாலோ இஞ்சின்தான் கதி. 2014 டிசம்பரில் கிளந்தானிலும் பகாங்கிலும் வெள்ளம் வந்தபோது பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வேளையில் இஞ்சின் இருந்தால் மட்டும் போதாது. அது விடியும்வரை ஓட எண்ணெயும் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கச் சுமார் மூன்றில் ஒரு லிட்டர் டீசல் செலவாகிறது. நாற்பது வீடுகள் கொண்ட லயம் சராசரி 12 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை 12 மணி நேரம். ஆக 144 யூனிட். ஆக 48 லிட்டர். இஞ்சினின் அடியிலேயே பொருத்தி வரும் தொட்டி 40 லிட்டர்தான் பிடிக்கும் என்றால், விடியுமுன் ஒருமுறையாவது நிரப்பியே தீர வேண்டும்.

அதை நிரப்புவது யார்? நம் இஞ்சின் டிரைவர் அண்ணன்தான். ஊர் உறங்கும் இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு கையில் டார்ச் லைட்டும் மறுகையில் டின்னுமாகச் சென்று, ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் பக்கத்தில், கொதிக்கும் புகைக்குழாய்க்கு இரண்டு முழ தூரத்தில் நின்று புனல் வைத்து ஊற்றுகிறார். கை ஒருமுறை தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தவிர்க்கத்தான் வெளியே பெரிய தொட்டி வேண்டும் என்று நம் கிளை கேட்டது. அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? "ஸ்டோரில் ஒரு பழைய பீப்பாயும் பத்தடி ரப்பர்க் குழாயும் கிடக்கின்றன. இஞ்சின் டிரைவரே மாட்டிக்கொள்ளட்டும்."

இந்தப் பதிலை நாம் ஏன் ஏற்கவில்லை என்பதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் மறுப்பது பிடிவாதம் என்றே ஆபீசில் எழுதப்படும். ஆகவே விவரமாகச் சொல்கிறோம்.

வேறொரு தோட்டத்தில் நடந்ததை முதலில் கேளுங்கள். பெயர் வேண்டாம். அங்கே 44 கேலன் பீப்பாய் ஒன்றைப் பலகை மேடையில் ஏற்றி, அடியில் துளையிட்டு, குழாயை நேராக இஞ்சினின் வடிகட்டிக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். இஞ்சின் அழகாக ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். இரவு பத்து மணிக்குக் கொட்டகையின் தரை முழுதும் டீசல். பீப்பாய் ஒழுகவில்லை, குழாயும் விடவில்லை. பொங்கி வழிந்தது இஞ்சினின் அடியில் இருந்த சின்னத் தொட்டி! அதற்குள் யாரும் எண்ணெய் ஊற்றவே இல்லையே, எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் விழித்தார்கள். நல்ல வேளையாக இஞ்சினை உடனே நிறுத்தியதால் ஆளுக்குச் சேதமில்லை.

எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. டீசல் இஞ்சின் தனக்கு அனுப்பப்படும் எண்ணெய் முழுவதையும் எரித்துவிடுவதில்லை. பம்பும் இன்ஜெக்டரும் சூடேறாமல், உலராமல் இருப்பதற்காக வேண்டியதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, மீதியை இன்னொரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. சில பழைய சின்ன இஞ்சின்களில் இது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சில பெரிய இஞ்சின்களிலோ எரிவதைவிடத் திரும்புவதே அதிகம். ஆகவே டீசல் இஞ்சினுக்கு எண்ணெய்க் குழாய் ஒன்றல்ல, இரண்டு: போகும் குழாய், திரும்பும் குழாய். அந்தத் தோட்டத்தில் போகும் குழாயை மட்டும் பீப்பாய்க்கு மாற்றினார்கள். திரும்பும் குழாய் பழையபடி சின்னத் தொட்டியிலேயே இருந்தது. மணிக்கு 5 லிட்டர் திரும்புகிறது என்றால், 60 லிட்டர்த் தொட்டியில் ஏற்கெனவே 50 லிட்டர் இருந்தால், இரண்டே மணி நேரத்தில் விளிம்பு தட்டிவிடும். பிறகு தரைதான்.

எந்தத் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுக்கிறோமோ அந்தத் தொட்டிக்கே அது திரும்ப வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிலர் இரண்டு தொட்டியையும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மாற்றிக்கொள்ள மூவழி வால்வு போடுவார்கள். போடட்டும். ஆனால் போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு வால்வு வேண்டும். இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மட்டும் திருப்பினால் மேற்சொன்ன கதையேதான். இரண்டு கைப்பிடிகளையும் ஒரே இரும்புத் தண்டால் இணைத்துவிட்டால் அந்தத் தவறுக்கு இடமே இராது. இன்னொன்று: திரும்பும் குழாயில் முழுவதும் மூடிவிடக்கூடிய வால்வை வைக்கவே கூடாது. அது மூடியிருக்கும்போது இஞ்சின் ஓடினால் எண்ணெய் போக வழியின்றி அழுத்தம் ஏறி, பம்பின் அடைப்புகள் பிய்ந்துவிடும்.

இனி தொட்டியை எந்த உயரத்தில் வைப்பது? பீப்பாயை மேலே ஏற்றினால் எண்ணெய் தானாக இறங்கும், பம்புக்கும் சிரமமில்லை என்று தோன்றும். தோன்றுவது சரியே. ஆனால் இஞ்சின் நின்ற பின்னும் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணெய் இழுக்கும் சின்ன பம்பின் உள்தோல் கிழிந்திருந்தால், டீசல் மெல்ல இறங்கி இஞ்சினின் மசகெண்ணெயோடு கலந்துவிடும். நீர்த்துப்போன மசகெண்ணெயில் ஓடும் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? இன்ஜெக்டர் ஒழுகினாலோ சிலிண்டருக்குள்ளேயே டீசல் தேங்கும். காலையில் இஞ்சினைச் சுழற்றியதும், அமுங்காத திரவத்தின்மேல் பிஸ்டன் மோதித் தண்டு வளைந்துவிடும். ஆகவே தொட்டியில் எண்ணெய் நிரம்பி நிற்கும்போதும் அதன் மட்டம் இன்ஜெக்டர்களின் உயரத்தைத் தாண்டாமல் இருப்பது நலம். மேலேதான் வைக்க வேண்டும் என்ற இடத்தில், இஞ்சின் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வால்வு அவசியம்.

மிகவும் தாழ்த்தி வைப்பதும் சங்கடமே. அந்தச் சின்ன பம்பு ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துதான் இழுக்கும். குழாய் நீளமானால் அதுவும் குறையும். இதற்குப் பொதுவான அளவு கிடையாது. இஞ்சின் செய்தவர்கள் கொடுத்த கைப்புத்தகத்தில் உள்ளதே அளவு. அந்தப் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருந்தால் யாருக்கு என்ன பயன்? அது இஞ்சின் கொட்டகையில் இருக்க வேண்டும்; தமிழிலோ மலாயிலோ அதன் முக்கியப் பகுதிகளை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கிராணிமாராகிய நமக்கு இது ஒரு மணி நேர வேலை.

தொட்டியின் உள்ளமைப்பைப் பால்வெட்டும் தோழர்களுக்கு எளிதாக விளக்கலாம். வெட்டும்போது கத்தி பட்டையை வெட்ட வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது; ஓரிழை பட்டையை விட்டே வெட்டுகிறீர்கள். அதுபோல் எண்ணெய் எடுக்கும் குழாயின் நுனி தொட்டியின் அடியைத் தொடாமல் ஓரிரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஏனெனில் அடியில் தண்ணீரும் துருவும் சேரும். நம் நாட்டு ஈரக்காற்று, பாதி காலியான தொட்டிக்குள் புகுந்து, இரவுக் குளிரில் தண்ணீராக வியர்க்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியிலேயே கிடக்கும். தொட்டியை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து வைத்து, தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் வால்வு போட்டு, காலைதோறும் ஒரு கோப்பை வடித்துப் பார்த்தால் தண்ணீர் இருப்பது தெரிந்துவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கறுப்புச் சளியாக மாறி வடிகட்டியை அடைப்பதும் உண்டு. 2019 முதல் நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் முன்னைவிடக் கூடுதலாகக் கலக்கப்பட்டது; வாகன டீசலில் 10 விழுக்காடும், தொழில்துறை டீசலில் 7 விழுக்காடும். அந்தக் கலப்பு ஈரத்தை அதிகம் பிடித்துவைக்கும். ஆகவே தண்ணீர் வடிப்பதை வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போடலாகாது.

திரும்பும் குழாயைத் தொட்டியின் மறுகோடியில் விட வேண்டும். திரும்பி வரும் எண்ணெய் சூடாகவும் காற்றுக் குமிழோடும் வரும். எடுக்கும் குழாயின் வாயிலேயே அதைக் கொட்டினால் அந்தக் காற்றையே இஞ்சின் மறுபடி இழுக்கும்.

மூச்சுக்குழாயை மறந்துவிடுகிறவர்கள் பலர். எண்ணெய் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டுமல்லவா? பீப்பாயின் மூடியை இறுக்கித் திருகிவிட்டால் சற்று நேரத்தில் இஞ்சின் மூச்சுத்திணறி நிற்கும். மூடியைத் திறந்தே வைத்தாலோ மழைத்துளியும் பல்லியும் உள்ளே போகும். மெல்லிய இரும்புக் குழாய் ஒன்றைத் தொட்டியின் உச்சியிலிருந்து கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, கம்பிவலை கட்டிவிட வேண்டும். அவ்வளவே.

நிற்க. ஸ்டோரில் கிடக்கும் அந்த ரப்பர்க் குழாய்க்கு வருவோம். நம் கையால் வெட்டிய பாலில் செய்த ரப்பரைக் குறை கூறுகிறோமே என்று யாரும் வருந்த வேண்டாம். இயற்கை ரப்பர் தண்ணீருக்கும் காற்றுக்கும் மிக நல்லது. லாரி டயருக்கு அதைப்போல் வேறில்லை. ஆனால் டீசலும் பெட்ரோலும் பட்டால் அது ஊறிப் பருத்துப் பிசுபிசுத்துவிடும். தோட்டத்திலே ஓடி ஓடிப் பால் எடுக்கிற நமக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்கலாம். ஒரு துண்டு ஷீட்டை டீசலில் ஊறவைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள், தெரியும். எண்ணெய்க்கென்றே செய்த செயற்கை ரப்பர்க் குழாய் இருக்கிறது. அதன்மேல் அச்சிட்டே இருக்கும். அதையும் நீளமாக ஓட்டக்கூடாது. தொட்டியிலிருந்து இஞ்சின்வரை கறுப்பு இரும்புக் குழாய். இஞ்சினுக்கு அருகில் மட்டும் ஓரடி ஒன்றரை அடி வளையும் குழாய். இஞ்சினின் அதிர்வு இரும்புக் குழாயில் ஏறி இணைப்பை உடைக்காமல் இருக்க அந்த வளையும் துண்டு தேவை.

தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர்கள் வழக்கமாகப் போடும் வெள்ளை நாகம் பூசிய குழாயை டீசலுக்குப் போடவே கூடாது. நாகம் டீசலில் கரைந்து சோப்புப் போன்ற பிசினை உண்டாக்கி இன்ஜெக்டர்களை அடைத்துவிடும். தொட்டியின் உட்புறத்துக்கும் இதே விதி. "புதுசாகப் பளபளவென்று இருக்கிறதே" என்று வாங்கிவந்து மாட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து இஞ்சின் கெட்டது இஞ்சின் டிரைவரின் கவனக்குறைவு என்று கடிதம் வரும்.

இணைப்புகளில் வெள்ளை நாடா சுற்றுவதும் வழக்கம். அதன் பிசிறு பிய்ந்து உள்ளே போய் அடைக்கும். எண்ணெய் தாங்கும் பசை போடுவதே முறை. இழுக்கும் குழாயில் இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பார்வைக்கு ஒழுகல் இராது. இஞ்சின் மட்டும் ஏறி இறங்கி மூச்சிரைக்கும். விளக்கு மங்கிப் பிரகாசிக்கும். லயத்திலிருந்து நாமும் டிரைவரைத்தான் திட்டுவோம்.

தீயைப் பற்றி. பெட்ரோலைப்போல் டீசல் சட்டெனப் பற்றுவதில்லை; சுமார் 60 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கும் ஆவி கிளம்பும். இதைக் கேட்டுவிட்டு டீசல் சாது என்று நினைப்பவர்கள் உண்டு. சுமையோடு ஓடும் இஞ்சினின் புகைக்குழாய் பல நூறு பாகை சூட்டில் இருக்கும். அதன்மேல் டீசல் தெறித்தால் தீக்குச்சியே வேண்டாம். ஆகையால் தொட்டியைப் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில், கூடுமானால் சுவருக்கு அப்பால் வைக்க வேண்டும். தொட்டியின் வாயிலேயே ஒரு வால்வு. தீ கண்டால் கொட்டகைக்குள் நுழையாமலே மூடக்கூடியதாக அது இருக்க வேண்டும். சூட்டில் உருகும் கண்ணி வைத்த வால்வு இருக்கிறது. கண்ணி உருகினால் பாரம் விழுந்து தானே மூடிக்கொள்ளும். விலை பெரிதல்ல. நுரையோ உலர்தூளோ உள்ள தீயணைப்புக் குப்பி வாசலில் தொங்க வேண்டும். எண்ணெய்த் தீயில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் மிதந்து பரவும்.

தொட்டி ஒழுகினால் எண்ணெய் ஓடாமல் நிற்கத் தடுப்புச் சுவர் வேண்டும். தொட்டி பிடிப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம் அது பிடிக்க வேண்டும் என்பது நடைமுறை. 200 லிட்டர் பீப்பாய்க்கு 220 லிட்டர். உட்புறம் 4 அடிக்கு 4 அடி, உயரம் 6 அங்குலம் என்று செங்கல் சுவர் கட்டிச் சிமிந்தி பூசினால் 8 கன அடி, ஏறக்குறைய 226 லிட்டர். பீப்பாயைச் சுவரின் உயரத்துக்கு மேலே கால்கள் வைத்த சட்டத்தில் நிறுத்த வேண்டும். மேலே கூரை இல்லாவிட்டால் மழையே அதை நிரப்பிவிடும். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை, சில டஜன் கல். நம் கொட்டகைக்குக் கீழே ஓடும் வாய்க்கால் எங்கே போகிறது, அங்கே யார் யார் துணி துவைக்கிறார்கள் என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

அடுத்ததைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறோம். பழைய பீப்பாயை வெட்டுவதோ அதில் வெல்டிங் வைப்பதோ வேண்டாம். காலி பீப்பாய் காலியாக இருப்பதில்லை. உள்ளே ஆவி இருக்கிறது. கழுவினாலும் மடிப்புகளில் எண்ணெய் தங்கும். வெல்டிங் பொறி பட்டதும் அது குண்டாக வெடிக்கும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயானால் ஆபத்து இன்னும் அதிகம். தோட்டங்களில் களைக்கொல்லி மருந்தும் பீப்பாயில்தான் வருகிறது. "அடியில் ஒரு துளைதானே, கொஞ்சம் போட்டுக் கொடு" என்று மண்டோர் வந்து சொன்னாலும், பெரிய துரையே வந்து சொன்னாலும், மறுத்துவிடுங்கள்.

மறுக்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அமுலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஆபத்தை நீக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம் என்பதை அத்திருத்தம் சட்டமாக்கியது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருக்கிறது. நம் தோட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது என்பதைத் தலைவர் அவர்கள் பின்னர் சொல்வார். லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குத் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்பது 1990 ஆம் ஆண்டின் குடியிருப்பு வசதிச் சட்டம். ஆக, தொட்டி என்பது நாம் கேட்கும் சலுகை அல்ல.

கிராணி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 ஜூன் 10 ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு, நிலையங்களில் லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசாயிற்று. அந்நாள் தொட்டு எல்லாத் தோட்டங்களிலும் டீசல் கணக்கின்மேல் கண். 200 லிட்டர் நிற்கும் இடத்தில் பத்து லிட்டர் குறைந்தால் முதற் சந்தேகம் இஞ்சின் டிரைவர்மேல்தான் விழும். ஆகவே புதுத் தொட்டி வரும் நாளிலேயே அளவுகோல் ஒன்று செய்து, ஒவ்வொரு 10 லிட்டராக ஊற்றிக் கோடு போட்டு, மாலையும் காலையும் இருவர் பார்த்துக் கையெழுத்திடும் புத்தகம் வையுங்கள். பக்கத்திலேயே மீட்டரின் யூனிட்டையும் எழுதுங்கள். யூனிட்டை மூன்றால் வகுத்தால் லிட்டர் ஏறக்குறைய வந்துவிடும். பாதிச் சுமையில் ஓடினால் கொஞ்சம் கூடும். இஞ்சின் தேய்ந்திருந்தாலும் கூடும். அந்தக் கூடுதலைத் திருட்டு என்று எழுதுகிறவர்களுக்கு அந்தப் புத்தகமே பதில். எண்ணெய் குறைந்ததென்று சம்பளத்தில் கைவைக்க வந்தால், எதை எதைப் பிடிக்கலாம் என்று 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வரையறுத்திருப்பதை எடுத்துக் காட்டுங்கள். டீசல் கட்டுப்பாட்டுப் பொருள் என்பதால், சேமித்து வைப்பதற்கு 1961 ஆம் ஆண்டின் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படும். அந்தத் தாள் ஆபீஸ் பெயரில் இருக்க வேண்டுமேயன்றி இஞ்சின் டிரைவர் பெயரில் அல்ல.

இவ்வளவும் செய்யப் பணமில்லை என்று நிர்வாகம் சொல்லக்கூடும். அப்படியானால் மலிவான வழி ஒன்று இருக்கிறது. நம் அபிப்பிராயத்தில் நம்மைப் போன்ற லயங்களுக்கு அதுவே மேலானதும்கூட. இஞ்சினின் இரண்டு குழாய்களையும் தொடவே வேண்டாம். அவை அடித்தொட்டியிலேயே இருக்கட்டும். வெளியே தடுப்புச் சுவருக்குள் நல்ல தொட்டி வைத்து, அதிலிருந்து அடித்தொட்டிக்கு ஒரு நிலையான குழாயும் கையால் இயக்கும் பம்பும் போட வேண்டும். அடித்தொட்டி நிரம்பினால் மிகுதி வெளித்தொட்டிக்கே வழிந்தோட இன்னொரு குழாய். டிரைவர் சுவருக்கு இப்பால் நின்றே கைப்பிடியை ஆட்டுவார். டின்னும் இல்லை, புனலும் இல்லை, புகைக்குழாயும் பக்கத்தில் இல்லை. மிதவை வால்வு போட்டுத் தானாகவே நிரம்பும்படி செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். செய்யலாம், ஆனால் மிதவை ஒருநாள் சிக்கிக்கொண்டால், வழிந்தோடும் குழாய் இல்லாத இடத்தில் பீப்பாய் முழுதும் தரைக்கு வந்துவிடும். ஆள் நின்று ஆட்டும் பம்பு, ஆள் நின்றால் நின்றுவிடும்.

புதிதாக இணைத்தபின் முதல்முறை ஓட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். குழாய் முழுதும் காற்றுதான் இருக்கும். வடிகட்டியின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழில்லாத எண்ணெய் வரும்வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். பேட்டரி சாகும்வரை ஸ்டார்ட் போட்டுப் பார்ப்பது வீண். இஞ்சின் சுழலும்போது இன்ஜெக்டர் பீச்சும் இடத்தில் கையையோ முகத்தையோ காட்டக்கூடாது; அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். அப்படி ஏறினால் வலி இல்லையென்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓடத் தொடங்கியதும் முதல் ஒரு மணி நேரம் டிரைவர் பக்கத்திலேயே இருந்து, அடித்தொட்டியின் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் சொன்ன கைப்பம்பு முறையில் அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இரண்டு குழாய்களையும் வெளித்தொட்டிக்கே மாற்றியிருந்தால் அடித்தொட்டி அசையாமல் நிற்க வேண்டும். எந்த முறையிலும் அது ஏறினால் திரும்பும் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடலாம்.

மானேஜருக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. பீப்பாயை வெட்டுவதில்லை என்பது முதல் வரி. தகுதியுள்ள மெக்கானிக் வந்து பார்த்து இணைக்க வேண்டும், அப்போது இஞ்சின் டிரைவரும் கிளைப் பிரதிநிதி ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. சுவரும் கூரையும் எந்த இடத்தில் என்பதற்குப் படம் போட்டுப் பின்னால் இணைத்திருக்கிறோம். வாசித்துவிட்டு, சேர்க்க வேண்டியதைச் சொல்லுங்கள். இஞ்சின் டிரைவர் அண்ணன் முன்வரிசையிலேயே இருக்கிறார். இஞ்சினைப் பற்றிய கேள்விகளுக்கு அவரே பதில் சொல்வார்.